காந்தளும் வண்டும்: ஒரு கூதிர்ப்பூவின் பூச்சியுறவு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கார்ப் பருவத்தில் மலரத் தொடங்கிக் கூதிர்ப் பருவத்திலும் தொடர்ந்து பூக்கும் காந்தள், சங்க இலக்கியம் முதல் இக்கால வேளாண்மை வரை தொடர்ந்து பதிவு பெற்றுள்ள தாவரமாகும். இத்தாவரத்தின் பெயர், வழிபாட்டுப் பயன்பாடு, மருந்துப் பயன் ஆகியவை பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. இப்பூவை நாடிவரும் பூச்சிகள் தனியே ஆராயப்பட்டது குறைவு. காந்தளில் வண்டு மொய்ப்பதில்லை என்று திருமுருகாற்றுப்படையும், வண்டு வருவதாகக் குறுந்தொகையும் நற்றிணையும் கூறுகின்றன. இவற்றிடையே காணப்படும் முரண் மேலோட்டமானதே என்பதைச் சொற்பொருளாலும் பூவின் உறுப்பமைப்பாலும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பூவாகவும் கிழங்காகவும் விதையாகவும் காந்தளின் பயன் மாறிவந்த வரலாற்றில் பூச்சியின் இடம் எவ்வாறு மாறியது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காந்தள், கார்த்திகைப்பூ, தும்பி, சுரும்பு, மகரந்தச் சேர்க்கை, கண்வலிக்கிழங்கு, கோல்ச்சிசின்

முன்னுரை

தமிழ்நாட்டின் மாநில மலராக ஏற்கப்பட்டுள்ள செங்காந்தள், தாவரவியலில் குளோரியோசா சுபர்பா எனப்படுகிறது. சங்க இலக்கியச் செடிகொடிகளை ஆராய்ந்த பி. எல். சாமி, கு. சீநிவாசன் ஆகியோர் காந்தளை இத்தாவரமாகவே இனங்கண்டனர். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எனப் பல பெயர்கள் இதற்கு வழங்குகின்றன. இப்பெயர்களுள் முதலாவது பூக்கும் காலத்தால் அமைந்தது. இரண்டாவது நோயோடு தொடர்புற்றது. மூன்றாவது, கலப்பையைப் போல் வளைந்து கிளைத்த கிழங்கின் வடிவத்தால் வந்தது. வடமொழியில் 'லாங்கலி' என்னும் பெயரும் கலப்பையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. மக்கள் இத்தாவரத்தில் எதனை உற்றுநோக்கினர் என்பதற்கு இப்பெயர்களே முதற்சான்று.

இந்தப் பூ ஓர் அரசியல் அடையாளமாகப் பெற்ற வரலாறு தனியே ஆராயத்தக்கது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பூவுக்கும் பூச்சிக்கும் இடையிலான உறவை இலக்கியமும் அறிவியலும் வேளாண்மையும் எவ்வாறு கண்டன என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா.

1. பருவமும் பூவும்

காந்தள் ஆண்டு முழுவதும் கண்ணில் படும் செடியன்று. கோடையில் தண்டும் இலையும் மடிந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை பெய்தபின் முளை எழும்பும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாற, அருகிலுள்ள புதரைப் பற்றிக்கொண்டு கொடி ஏறும். தென்மேற்குப் பருவமழை பெறும் மலைச்சரிவுகளில் முன்னதாகவும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளிகளில் பின்னதாகவும் பூக்கும். கார்த்திகைப்பூ என்னும் பெயர் இவற்றுள் பின்னைய நிலையைச் சுட்டுகிறது.

சங்க நூல்கள் இக்கால எல்லையின் இரு முனைகளையும் காட்டுகின்றன. முல்லைப்பாட்டில் கார் வந்ததன் அடையாளமாகக் காயாவும் கொன்றையும் மலர்வதோடு, கோடலும் தோன்றியும் மலர்கின்றன. கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைக் காந்தளின் வகை என்றும் கொள்ளும் மரபு உண்டு. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்களின் நீண்ட பட்டியல் செங்காந்தளோடு தொடங்குகிறது. தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும், உடன் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. எனவே காந்தள், முல்லையின் காரில் தோன்றிக் குறிஞ்சியின் கூதிரிலும் நீடிக்கும் பூவாக இலக்கியத்துள் இடம்பெற்றது எனலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் வேலன் ஆடும் வெறியாட்டைக் காந்தள் என்னும் துறையாக வகுத்திருப்பதும், குறுந்தொகையின் முதற்பாடல் முருகனின் குன்றைக் காந்தள் மிகுந்த குன்றாகக் காட்டுவதும் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியவை. எனவே அவற்றை விரிக்காது, பூச்சி இடம்பெறும் பாடல்களுக்குச் செல்வது தகும்.

2. வண்டு பற்றிய மூன்று கூற்றுகள்

காந்தளையும் வண்டினத்தையும் இணைத்துப் பேசும் பாடல்களுள் மூன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை.

முதலாவது, திருமுருகாற்றுப்படை. முருகன் சூடிய கண்ணியைக் கூறுமிடத்து, அது சுரும்பும் மொய்க்காத காந்தளால் ஆனது என்று நக்கீரர் குறிக்கிறார். இரண்டாவது, குறுந்தொகையின் 239ஆம் பாடல். காந்தளின் தாதை ஊதும் குறுகிய சிறகுடைய தும்பி, பாம்பு உமிழ்ந்த மணியைப் போல் தோன்றுவதாக அது கூறுகிறது. மூன்றாவது, நற்றிணையின் 399ஆம் பாடல். குருதி நிறம் கொண்ட காந்தள், கோடுகள் அமைந்த சிறகுடைய வண்டு உண்ணுமாறு மலர்வதாக அது காட்டுகிறது.

முதற்கூற்று பின்னிரண்டோடும் முரண்படுவதாகத் தோன்றும். தெய்வத்துக்கு உரிய பூவாதலின் வண்டு அதனை அணுகுவதில்லை என விளக்குவது வழக்கம். நெருப்பு என்று அஞ்சி வண்டு விலகும் என்று கூறுவோரும் உளர். இவ்விளக்கங்கள் திருமுருகாற்றுப்படையின் சூழலுக்குப் பொருந்தினும், குறுந்தொகையையும் நற்றிணையையும் விளக்கப் போதியவையல்ல. அவ்விரு நூல்களிலும் காந்தள் மலையில் பூத்த காட்டுப்பூ. வண்டு அதனை அஞ்சவில்லை.

இங்கு 'மூசுதல்' என்னும் வினையின் பொருளை நுணுகி நோக்க வேண்டும். மூசுதல் என்பது திரண்டு மொய்த்தலைக் குறிக்கும். ஒரு பூவில் ஒரு தும்பி வந்து தாது ஊதுவது மூசுதல் ஆகாது. நக்கீரர் மறுப்பது மொய்த்தலையே; வருகையை அன்று. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பேசப்படுவது வருகை, மொய்த்தல் அன்று. நற்றிணையில் 'உண்ண' என்னும் பொருள்பட அமைந்த வினையும், குறுந்தொகையில் 'ஊது' என்னும் வினையும் ஆளப்பட்டுள்ளன. மூன்று புலவரும் மூன்று வெவ்வேறு வினைகளைத் தேர்ந்துள்ளனர் என்பதை விடுத்து, மூன்றையும் 'வண்டு மொய்த்தல்' என ஒரே பொருளாகப் படித்ததனாலேயே முரண் எழுந்தது.

பூச்சியின் பெயர்களும் ஒன்றல்ல. சுரும்பு, தும்பி, வண்டு, ஞிமிறு என்பவற்றைச் சங்கப் புலவர்கள் தனித்தனிப் பெயர்களாக ஆண்டனர். இன்று 'தும்பி' என்பது தட்டானைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. தாது ஊதும் சங்ககாலத் தும்பி அதுவாக இருக்க முடியாது. தட்டான் பிற பூச்சிகளைப் பிடித்துண்பது. பூவின் தாதை நாடுவதில்லை. மணியோடு ஒப்பிடத்தக்க கரிய பளபளப்பும் உடலோடு நோக்கக் குறுகிய சிறகும் ஒருங்கே உடையது தச்சுத்தேனீ எனப்படும் பெரிய கருவண்டு. குறுந்தொகைத் தும்பி அதுவாகலாம் எனக் கருத இடமுண்டு. நற்றிணையின் வண்டை இன்ன உயிரி என்று வரையறுக்க அப்பாடல் இடந்தரவில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: இரு புலவரும் பூச்சியைச் சிறகால் அடையாளப்படுத்துகின்றனர். ஒன்றன் சிறகு குறுகியது; மற்றொன்றன் சிறகு கோடுகள் உடையது. காந்தளைப் பொறுத்தவரை சிறகு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பூவின் அமைப்பு காட்டுகிறது.

3. பூவின் அமைப்பு தரும் சான்று

காந்தளின் பூ தலைகீழாகத் தொங்குவது. அதன் ஆறு இதழ்களும் அலையலையான விளிம்புடன் பின்னோக்கி மேலே வளைந்து நிற்கும். ஆறு மகரந்தத் தாள்களும் ஆரக்கால்போல் வெளிநோக்கி விரிந்திருக்கும். அவற்றின் நுனியில் மகரந்தப்பைகள் அசையுமாறு பொருந்தியிருக்கும். சூல்தண்டு நேராக வளராமல், அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பி நீண்டிருக்கும். தேன், இதழ்களின் அடிப்பகுதியில் இருக்கும். இதழ்கள் முதலில் பசுமை கலந்த மஞ்சளாகவும், பின்னர் மஞ்சளும் சிவப்புமாகவும், முடிவில் முழுச் சிவப்பாகவும் நிறம் மாறும்.

இவ்வமைப்பில் தேனும் மகரந்தமும் சூல்முடியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியுள்ளன. சிறிய தேனீ ஒன்று மகரந்தப்பையில் அமர்ந்து தாதைத் திரட்டிக்கொண்டு, சூல்முடியைத் தீண்டாமலே சென்றுவிட முடியும். இதழடியில் தேனை உறிஞ்சும் சிறு பூச்சியும் அவ்வாறே மகரந்தத்தைத் தொடாமல் செல்லலாம். பூவின் நடுப்பகுதியில் தேன் பருகிக்கொண்டே, வெளியே விரிந்துள்ள மகரந்தப்பையையும் சூல்முடியையும் தீண்டுவதற்கு உடலின் பருமன் போதாது; அகன்று விரியும் சிறகு வேண்டும்.

இதனை ஆய்வுவழி மெய்ப்பித்தவர்கள் தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர்கள். காந்தள் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளுக்கும் தென் ஆசியாவுக்கும் பொதுவான தாவரம். சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. டேனியல்ஸ், ஜான்சன், பீட்டர் ஆகியோர் 2020-இல் அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் வெளியிட்ட ஆய்வு, பூ கீழ்நோக்கித் தொங்கும் நிலை பட்டாம்பூச்சிகளின் சிறகுவழி அயல்மகரந்தச் சேர்க்கைக்குத் துணைபுரிவதைக் காட்டியது. பட்டாம்பூச்சி தேன் பருகுங்கால் அதன் சிறகுகள் மகரந்தப்பைகளில் உராய்கின்றன. அச்சிறகிலேயே மகரந்தம் அடுத்த பூவைச் சேர்கிறது.

ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சியும் தமிழ்நாட்டுப் பட்டாம்பூச்சியும் ஒரே இனம் அல்ல. ஆயினும் பூவின் அமைப்பு ஒன்றே. தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய மாதங்கள் பட்டாம்பூச்சிகள் பெருகும் காலம். காந்தள் பூக்கும் காலமும் அதுவே. தேன்சிட்டுகளும் இப்பூவை நாடுகின்றன. எனவே காந்தளுக்கு வரும் எல்லா உயிரிகளும் அதன் காய்ப்புக்கு ஒரே அளவில் உதவுவன அல்ல. வருவோரும் உண்டு, கொண்டுசேர்ப்போரும் உண்டு. காந்தளில் சுரும்பு மொய்ப்பதில்லை என்ற கூற்று, கொத்துக் கொத்தாகப் பூத்து வண்டினம் ஆரவாரிக்கும் வேங்கை போன்ற மரங்களை அறிந்த சமூகத்தின் கூற்று. தனித்தனிப் பூவாகக் கொடியில் தொங்கும் காந்தளில் அத்தகைய மொய்ப்பை எதிர்பார்ப்பதற்கில்லை. இவ்வகையில் மூன்று பாடல்களும் பூவின் இயல்போடு ஒத்துச் செல்கின்றன.

சங்கப் புலவர்கள் மகரந்தச் சேர்க்கையின் இயக்கத்தை அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு கூறுவது சான்றுக்கு மேற்சென்று உரைப்பதாகும். அவர்கள் கண்டதைச் சொல்வேறுபாட்டோடு பதிந்தனர் என்பதே இங்குப் பெறப்படுவது.

4. மேத்தோன்னியும் குளோரியோசாவும்

ஐரோப்பிய அறிவுலகம் காந்தளை மலையாளக் கரை வழியாக அறிந்தது. கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர்களும் அதற்குச் செய்தி வழங்கினர். அதன் ஏழாம் தொகுதியில் காந்தள் 'மெந்தோனி' என்னும் பெயரில் இடம்பெற்றது. மலையாளத்தில் வழங்கும் மேந்தோன்னி, மேத்தோன்னி என்னும் பெயர்களே இதன் மூலம். அவற்றின் பின்பகுதி 'தோன்றி' என்னும் பழந்தமிழ்ப் பெயரோடு ஒப்புநோக்கத்தக்கது. லெய்டனில் பணியாற்றிய பால் ஹெர்மன், இச்சொல்லை இலத்தீன் வடிவமாக்கி 'மெத்தோனிகா' எனப் பயன்படுத்தினார்.

லின்னேயசு 1737-இல் வெளியிட்ட 'கிரிட்டிகா பொட்டானிக்கா'வில், கிரேக்க, இலத்தீன் வேர் இல்லாத பேரினப் பெயர்களை விலக்க வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். 1753-இல் 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' நூலில் இத்தாவரம் குளோரியோசா சுபர்பா என்றே இடம்பெற்றது. 'புகழ் மிக்கது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல், மலைமக்கள் வழங்கிய பெயரின் இடத்தைப் பெற்றது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், லின்னேயசின் மாணவரும் பூச்சியியலாளருமான ஃபெப்ரீசியஸ், இத்தாவரத்தை உண்ணும் அந்துப்பூச்சி ஒன்றுக்குச் செடியின் பெயரையே இட்டார். இன்று 'பாலிடெலா குளோரியோசே' எனப்படும் அப்பூச்சியின் பெயருக்கு 'குளோரியோசாவினது' என்பது பொருள். கருமை படிந்த முன்சிறகில் சிவப்பும் மஞ்சளும் புள்ளிகளாகப் பரவியிருக்கும். கருநிற உடலில் வெள்ளையும் சிவப்புமான குறிகள் உடைய இதன் புழு, காந்தளின் இலைகளையும் லில்லி இனத் தோட்டச் செடிகளின் இலைகளையும் தின்று வளரும். கால்நடையும் மனிதரும் உண்டால் உயிருக்கே கேடு தரும் நச்சு உடைய செடியே இப்புழுவுக்கு உணவு. சங்க இலக்கியம் காந்தளின் பூவுக்கு வரும் பூச்சியைப் பாடியது. அறிவியல் பெயரிடல் அதன் இலையில் வாழும் பூச்சியைச் செடியோடு பிணைத்தது. பூச்சிக்கும் செடிக்குமான உறவின் மறுபாதி இவ்வாறு பதிவு பெற்றது.

5. கிழங்கிலிருந்து விதைக்கு

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் காந்தளின் பயன் பெரிதும் கிழங்கைச் சார்ந்தது. நச்சுத்தன்மை கருதி அதனை மோரில் ஊறவைத்துத் தூய்மை செய்த பின்னரே மருந்தாக்கும் முறை வகுக்கப்பட்டிருந்தது. கிழங்கு மட்டும் வேண்டப்பட்ட காலத்தில் பூவுக்குப் பூச்சி வந்ததா என்னும் வினா மருத்துவனுக்கு எழவில்லை. கிழங்கிலிருந்தே புதுச்செடி முளைக்கும். காய் பிடிக்காவிட்டாலும் மருந்துக்குக் குறையில்லை.

இந்நிலை வேதியியலால் மாறியது. 1820-இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர், ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்ச்சிக்கம் செடியிலிருந்து ஒரு காரப்போலியைப் பிரித்தனர். அதுவே பின்னர்க் கோல்ச்சிசின் எனப்பட்டது. 1915-இல் கிளூவர், கிரீன், டூட்டின் ஆகியோர் காந்தளிலும் அச்சேர்மம் இருப்பதை நிறுவினர். இரு செடிகளும் இன்று ஒரே குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. கீல்வாத வகையான கௌட் நோய்க்குக் கோல்ச்சிசின் மருந்தாகப் பயன்பட்டது. 1937-இல் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் அதன் ஆற்றல் வெளியிடப்பட்டபின் பயிர்ப்பெருக்க ஆய்விலும் அதற்குத் தேவை உண்டாயிற்று.

கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் மிகுதி. கிழங்கைத் தோண்டி விற்றால் அடுத்த நடவுக்கு முதல் இராது. விதையை விற்றால் கிழங்கு மண்ணிலேயே தங்கும். இவ்விரு காரணங்களாலும் ஏற்றுமதிப் பொருளாக விதை முதன்மை பெற்றது. திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் வட்டாரங்களும், திண்டுக்கல், கரூர் மாவட்டப் பகுதிகளும், வேதாரண்யம் பகுதியும் கண்வலிக்கிழங்குச் சாகுபடிக்குப் பெயர்பெற்றன. மலைச்சரிவின் காட்டுப்பூ, மழை குறைந்த சமவெளியில் கிளுவை வேலியிலும் கம்பிப் பந்தலிலும் ஏறும் பணப்பயிராயிற்று.

6. வயலில் மனிதக் கை

விதை விளைபொருளானதும் மகரந்தச் சேர்க்கையே வருவாயைத் தீர்மானிப்பதாயிற்று. இயற்கையாக நிகழும் சேர்க்கையால் கிடைக்கும் காய்ப்பு சாகுபடிக்குப் போதவில்லை. எனவே பூக்கும் மாதங்களில் தொழிலாளர்கள் காலை வேளையில் வரிசை வரிசையாகச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் கையால் தொட்டுவைக்கின்றனர். செங்கோணமாகத் திரும்பி நிற்கும் சூல்தண்டு இவ்வேலைக்கு ஏற்றதாகவும் இருக்கிறது. சிறகு செய்த வேலையைக் கூலி பெறும் விரல் செய்கிறது.

அதே வயலில் இலையைத் தின்னும் புழு பயிருக்குக் கேடாகக் கருதப்பட்டு மருந்து தெளிக்கப்படுகிறது. உழவரைப் பொறுத்தவரை அவ்வச்சம் நியாயமானதே. கொடி ஒருமுறை இலையிழந்தால் அவ்வாண்டின் பூவும் காயும் குன்றும். நடுவதற்கான கிழங்கின் விலையோ பெரிது. எனினும் தெளிக்கும் மருந்து தின்னும் புழுவையும் தேன் பருக வரும் பட்டாம்பூச்சியையும் வேறுபடுத்தி அறியாது. விதைக்காகப் பூச்சியின் உழைப்பு மிக வேண்டப்பட்ட இடத்திலேயே பூச்சிக்கு இடமின்றிப் போனது இப்பயிர் வரலாற்றின் முரண். கையால் சேர்க்கும் முறைக்குப் பூச்சிக்கொல்லி மட்டுமே காரணம் என்பதில்லை. ஒரே செடி பரப்பி நிற்கும் வயலில், பல்லாயிரம் பூக்கள் சில கிழமைகளுக்குள் மலர்கின்றன. புதர்க்காட்டில் ஆங்காங்கே பூத்த கொடிக்குப் போதுமான வருகை, இத்திரளுக்குப் போதாமற் போவது இயல்பே.

காட்டில் நிலைமை வேறு. மருந்துக்காகக் கிழங்கு தோண்டப்பட்டதால் காட்டுக்காந்தள் அருகிய இடங்கள் உண்டு. கொடிகள் அருகி ஒன்றுக்கொன்று தொலைவானால், சிறகில் ஏறிய மகரந்தம் அடுத்த கொடியைச் சேரும் வாய்ப்பும் குறையும். இலையை நம்பி வாழும் பாலிடெலா புழுவுக்கும் உணவு குறையும். காட்டில் அப்புழு கேடு செய்வது அன்று. அங்கே காந்தள் நிலைத்திருப்பதன் ஓர் அடையாளம்.

முடிவுரை

காந்தள் பற்றிய சங்கக் கூற்றுகளில் வண்டு குறித்துக் காணப்படும் முரண், வினைச்சொற்களின் வேறுபாட்டைக் கருதாததால் எழுந்தது. மூசுதலும் ஊதுதலும் உண்ணுதலும் ஒன்றல்ல. பூவின் அமைப்பை அறிந்து படிக்கும்போது மூன்று பாடல்களும் ஒன்றையொன்று மறுக்காமல், ஒரே பூவின் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. இலக்கியத் தாவரங்களை இனங்காணும் முயற்சி செடியின் பெயரோடு நின்றுவிடாமல், அதனோடு பாடப்பட்ட உயிரிகளின் பெயருக்கும் செயலுக்கும் விரிய வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

காந்தளின் எந்த உறுப்பு வேண்டப்பட்டது என்பதைப் பொறுத்துப் பூச்சியின் இடமும் மாறிவந்துள்ளது. பூ வேண்டப்பட்டபோது வண்டு பாடப்பட்டது. கிழங்கு வேண்டப்பட்டபோது அது மறக்கப்பட்டது. விதை வேண்டப்பட்டபோது அதன் வேலை கூலிவேலையாயிற்று. இலையில் வாழ்ந்த புழு பகையாயிற்று. மாநில மலராக ஏற்கப்பட்ட ஒரு செடியைக் காப்பது என்பது கிழங்கைக் காப்பதோடு முடிவதில்லை. கூதிர்க் காலத்தில் அதனை நாடிவரும் சிறகுகளும், அதன் இலையைத் தின்று வளரும் புழுவும் அக்காப்பின் எல்லைக்குள் வரவேண்டும். பூவை வண்டோடு சேர்த்தே கண்ட பழம்பாடல்கள் இன்றைய சூழலியல் ஆய்வாளர்க்கும் பயன்படும் சான்றுகளே.